இன்னொருவர் கார்டில் வந்த காய்ச்சல்

அந்த ஆஸ்பத்திரியில் நான் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்க வந்தவன். டாக்டரம்மா அறையில் ஒன்று இருந்தது. நோயாளிகளின் விவரமெல்லாம் அதில். மருந்துக்கடையில் இன்னொன்று, இருப்பும் பில்லும் அதில். இரண்டு புரோகிராம்களையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நடுவில் ஓடியது ஒரு துண்டுச் சீட்டு. டாக்டரம்மா எழுதித் தருவார். நோயாளி அதைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து மருந்துக்கடை ஜன்னலில் நீட்டுவார். அந்தச் சீட்டை ஒழிப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கே பிரிண்டர் கரகரவென்று மருந்துப் பட்டியலை அடித்துத் தள்ள வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், ஆறு படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி அது. பக்கத்திலிருந்த ஒரு உதிரிபாகக் கம்பெனியோடு ஏற்பாடு இருந்தது. கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஒரு கார்டு. அதைக் காட்டினால் வைத்தியமும் மருந்தும் கம்பெனி கணக்கில். கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களுக்குக் கார்டு கிடையாது. அதே மெஷின், அதே ஷிப்ட், ஆனால் கார்டு கிடையாது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குச் சேரப்பணஞ்சேரிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. நான் ஏழாவது படிக்கும்போதே தெருவில் யாருக்கு மாத்திரை வந்தாலும் அட்டையை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "படிச்சிச் சொல்லு கண்ணு, எப்போ போடணும்?" அட்டையில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் பாதிக்கு மேல் புரியாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். ஒருமுறை எதிர்வீட்டு அம்மாவுக்கு "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மா குடத்தோடு குழாயடிக்கு வரும்வரை எனக்கு ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. மருந்து விஷயத்தில் எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். படித்து முடித்தும் அது போகவில்லை. இந்த வேலை கிடைத்தபோது அப்பா சந்தோஷப்பட்டார். நான் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தேன்.

முதல் இரண்டு வாரம் பிரிண்டர் பக்கத்திலேயே நின்றேன். டாக்டரம்மா அடித்ததும் மருந்துக்கடையில் வந்ததும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பட்டியலையும் ஒப்பிட்டேன். இங்கே ஐந்நூறு மில்லிகிராம், அங்கேயும் ஐந்நூறு. இங்கே மூன்று வேளை, அங்கேயும் மூன்று வேளை. மருந்துக்கடை அக்கா சிரிப்பார்.

"இன்னா தம்பி, பரீட்ச பேப்பர் திருத்துற மாரி நின்னுகினே கீற. உன் பொட்டி ஓடிப் போயிடாது, போய் டீ குடிச்சிட்டு வா."

அந்த அக்கா இந்த ஊர்க்காரர். கைராசிக்காரர் என்று பெயர். மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி, சின்னச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று பேனாவால் எழுதித் தருவார். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. படிக்காதவர்களுக்கும் அது புரியும். கவரின் மேல் மருந்தின் பெயர் இருக்காது.

எல்லாம் ஒழுங்காக ஓடியதும் டாக்டரம்மா ஒருநாள் கேட்டார்: "தம்பி, சுகர் பேஷன்ட், பிரஷர் பேஷன்டுக்கெல்லாம் மாசாமாசம் அதே மருந்தைத்தான் திருப்பித் திருப்பி அடிக்கிறேன். அதுவே எடுத்துக்காதா?"

எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். கார்டு எண்ணை அடித்தால், அந்தக் கார்டுக்காரர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து தீரும் நாள் வந்துவிட்டதா என்று புரோகிராம் பார்க்கும். வந்திருந்தால் அன்றைய பட்டியலின் கடைசியில் தானே சேர்த்துவிடும். டாக்டரம்மா ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு அனுப்ப வேண்டியதுதான். "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

இதில் இரண்டு விஷயம் எனக்குத் தெரியாது. ஒன்று, திரையில் மேல் பாதி முழுக்க நோயாளி விவரம். மருந்துக்கு இருந்த இடம் நாலே வரி. ஐந்தாவது வரி திரைக்குக் கீழே போய்விடும். அம்புக்குறி விசையை அழுத்தினால்தான் மேலே வரும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் இரண்டு, மூன்று மருந்து வைத்துத்தான்.

இரண்டாவது விஷயம், மேஜைக்கு இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை.

சீட்டை நிறுத்திய அடுத்த வாரம் ஒரு காலை, பத்து மணி இருக்கும். டாக்டரம்மா அறை வாசலில் பெஞ்சு நிறையக் கூட்டம். நான் உள்ளே கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உன் பொட்டி வேல காட்டுது. வந்து பாரு."

ஜன்னலுக்கு வெளியே கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் கார்டோடு நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். தெற்கத்திக்காரர். நிரந்தரத் தொழிலாளி, சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வருகிறவர். எனக்கு முகம் தெரியும்.

"இவரு சுகர் மாத்திர கேக்குறாரு. நேத்து சாயங்காலமே குடுத்தாச்சுன்னு சொல்லுது" என்றார் அக்கா.

பார்த்தேன். நேற்று மாலை, இதே கார்டு. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடம்பு வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. ஐந்தாவது வரியில் சர்க்கரை மாத்திரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்.

"நேத்து உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா சார், லேசா" என்றார்.

"அப்போ மருந்து வாங்கினீங்களா?"

"வாங்குனேன் சார். அது... தொலஞ்சு போச்சு."

எனக்கு என் புரோகிராம் தப்புச் செய்துவிட்டதோ என்பதுதான் கவலை. "எல்லாமே தொலைஞ்சதா? காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, சுகர் மாத்திரை, எல்லாம்?" என்று திரையைப் பார்த்து வாசித்தேன்.

"சுகர் மாத்திரையா?" அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கவருல சுகர் மாத்திரையும் இருந்துச்சா?"

மாத்திரை வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தரிக்கோல் நின்றது. அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"நேத்து வந்தது உன் ரூம் பையன்தானேபா? ஒல்லியா, கண்ணெல்லாம் செவந்துகினு? அவனுக்குக் காய்ச்சல் மாத்திர, உனக்குச் சுகர் மாத்திர, ரெண்டையும் சேத்து வாங்கினு போறான்னுதானே நெனச்சேன்! டாக்டரம்மாவே அனுப்பிக் கீறாங்கன்னு அஞ்சு கவரு போட்டுக் குடுத்தேனே!"

"என்கிட்ட அவன் ஒண்ணும் தரலியே அக்கா." என்றார் கார்டுக்காரர். "எல்லாம் அவனுக்குள்ளதுன்னுல்லா நெனச்சிருப்பான். நேத்து ராத்திரி கவரு கவராப் பிரிச்சு முழுங்குனான். நான் வெளாட்டுக்கு, ஏலே, இது காய்ச்சலுக்கா கல்யாண விருந்தான்னு கேட்டேன்..."

இப்படித்தான் அந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தெரிய வந்தது. ஒரு அறையில் நாலு பேர் தங்கியிருந்தால் அதில் ஒருவருக்குத்தான் கார்டு இருக்கும். மற்ற மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தாலும் கை கிழிந்தாலும் அந்தக் கார்டுதான் ஆஸ்பத்திரிக்கு வரும். டாக்டரம்மாவுக்குத் தெரியும், முகத்தைப் பார்த்து மருந்து எழுதுவார், கார்டில் உள்ள பெயரைக் கூப்பிட மாட்டார். அக்காவுக்குத் தெரியும். என் புரோகிராமுக்கு முகம் தெரியாது. அது கார்டைப் பார்த்தது. கார்டுக்குச் சர்க்கரை நோய் என்று கண்டது. காய்ச்சலோடு வந்தவனுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்து அனுப்பியது.

"இன்னைக்குக் காலையில போட்டிருப்பாரா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். அவனுக்கு ஏ ஷிப்ட். நான் எந்திரிக்கதுக்குள்ள போயிட்டான்."

"சாப்பிட்டிருப்பாரா?"

"காய்ச்சக்காரன் என்னத்தச் சாப்புடுவான்? நேத்தே சோத்தத் தள்ளி வச்சிட்டான்."

"எந்த லைன்?"

"ப்ரெஸ் ஷாப்பு சார்."

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் டம்ளரை மூன்று விரலால் பிடிக்கிற ஆட்கள் இருப்பார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை. ப்ரெஸ் என்றால் அதுதான். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுக்க வேண்டும். எடுத்த பிறகுதான் மேலிருந்து மெஷின் இறங்க வேண்டும். கை எடுக்கிறவனுக்குத் தலை சுற்றினால்?

"சார், மேடத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதிய" என்று அவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். "கார்டக் குடுத்தேன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னைய வெளிய தள்ளிருவான். ஊர்ல ரெண்டு புள்ளைய இருக்கு. நாமளே போயி அவனக் கூட்டியாந்துருவோம்."

டாக்டரம்மா அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். திரைச்சீலை பாதி விலகியிருந்தது. ஒரு குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் தொலைபேசி இருந்தது. நான் ஒரு நொடி நின்றேன். கார்டுக்காரருக்காகச் சொல்லாமல் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. 'யார் எழுதிய புரோகிராம்?' என்று டாக்டரம்மா கேட்பாரே, அதற்குப் பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேன். பின்னால் ஓடிவந்த அக்கா என் கையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைத் திணித்தார்.

"தண்ணில கலக்கிக் குடு. நெறைய குடு. போ, போ."

கார்டுக்காரருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். கன்டெய்னர் லாரிகள் உரசுவது போலப் போயின. வழக்கமாக அந்தச் சாலையில் மொபெட்டில் போக எனக்கு உயிர் போகும். அன்று லாரியெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு கை மட்டும் கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. யாருடைய கை என்று தெரியாத கை. அந்த ஆளின் முகம்கூட எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது. என் கம்ப்யூட்டரில் அவன் இவராக இருந்தான்.

கேட்டில் செக்யூரிட்டி அவரை மறித்தார்.

"இன்னா, ரெண்டு மணி ஷிப்டுக்கு இப்பவே வந்துகினு? ரூம்ல தொரத்திட்டானுங்களா?"

"லாக்கர் சாவிய உள்ள வச்சிட்டேன் அண்ணாச்சி. அஞ்சு நிமிசம்."

"இவரு யாரு?"

"சொந்தக்காரரு."

"சொந்தக்காரரு வெளிய நிக்கட்டும்."

அவர் உள்ளே போனார். நான் தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தத்தில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு நின்றேன். ப்ரெஸ் ஷாப் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போல. தம், தம் என்று இடிக்கும் சத்தம் காலுக்கடியில் தெரிந்தது. ஒவ்வொரு இடியும் விழுந்து, அடுத்தது வருவதற்குள் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். நான் வேண்டாத சாமி இல்லை. கோயில், சர்ச் என்று பார்க்காமல் வழியில் உள்ள எல்லாவற்றுக்கும் வேண்டினேன்.

சத்தம் நின்றது.

யாராவது கத்துகிறார்களா என்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கத்தாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று யோசித்தேன். செக்யூரிட்டியிடம் ஓடினேன். "அண்ணே, மெஷின் ஏன் நின்னுச்சு?"

"டீ டைம்பா" என்றார். "நீ ஏன் இப்படி வேர்த்துகினு கீற?"

பிறகுதான் அவர்கள் வந்தார்கள். கார்டுக்காரர் ஒரு பக்கம் தாங்கியிருக்க, ஒருவன் துவண்டு வந்தான். என் வயதுதான் இருக்கும். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். சட்டை தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி நனைந்திருந்தது. நான் முதலில் பார்த்தது கைகளைத்தான். பத்து விரல். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

பின்னாலேயே சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தார். "குடிச்சிட்டு வந்து ப்ரெஸ்ல நிக்கிறான் சார் இவன்! கைய உள்ள விட்டுக்கினு செல மாதிரி நிக்கிறான். பக்கத்துல இருந்தவன் சட்டையப் புடிச்சி இழுக்கலன்னா கை போயிருக்கும். என் வேலையும் போயிருக்கும்."

"குடிக்கல சார், காய்ச்சல்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்ன மருந்து, யார் கொடுத்தது என்பதைச் சொல்லவில்லை.

"காய்ச்சல்னா நாக்கு ஏன் கொழறுது?" அவன் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைச் சூப்பர்வைசர் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கான்ட்ராக்டர்கிட்டக் குடுத்துடுவேன். அங்க போய்ப் பேசிக்க."

செக்யூரிட்டியின் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளுக்கோஸைக் கரைத்தேன். அவன் வாயைத் திறக்க மறுத்தான். கண் என்மேல் நிற்கவில்லை. "அண்ணே, திருநெல்வேலி பஸ் கெளம்பிட்டா?" என்று கேட்டான். அறைத்தோழர் அழுதுகொண்டே, "இன்னும் இல்லலே, இதக் குடி, குடிச்சாத்தான் ஏத்துவான்" என்றார். ஒரு வாய் உள்ளே போனது, ஒரு வாய் என் சட்டையில் போனது. பாட்டில் தீர்ந்தது. இன்னொன்று கரைத்தோம். பத்து நிமிடம் கழித்து அவன் நிமிர்ந்து எங்களைச் சுற்றிப் பார்த்தான்.

"என்னத்துக்கு எல்லாரும் இப்படி நிக்கிய?" என்றான்.

மொபெட்டில் அவனை நடுவில் உட்கார வைத்து, நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே நின்றார். ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது, குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பியதுமே அக்கா உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ரத்தத்தைச் சோதித்தார்கள். அவ்வளவு குடித்த பிறகும் சர்க்கரை குறைவாகவே இருந்தது. ஊசி குத்தி, டிரிப் ஏற்றிவிட்டு, டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் இருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த மாத்திரை லேசுல விடாது. சுகர் ஏறும், மறுபடி இறங்கும். நாளைக்கு வரைக்கும் அவன் இங்கதான் இருக்கணும். நீ பாட்டுக்கு ரெண்டு வாய் குளுக்கோஸைக் கொடுத்து ரூம்ல படுக்க வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

நான் டிரிப் ஏறிக்கொண்டிருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"என் ரூமைத் தாண்டித்தானே போனே? ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு மேடம்."

"அந்தக் கம்பெனி முதலுதவி ரூம்ல ஒரு நர்ஸ் இருக்காங்க. நீ வாயைத் திறந்திருந்தா நான் அப்பவே போன் பண்ணி மெஷின்லேருந்து ஆளைத் தூக்கச் சொல்லியிருப்பேன். மருந்துக்கடை அம்மா வந்து சொன்னதும் பண்ணினேன். லைன் கிடைக்கல. கிடைச்சப்போ நீங்க கேட்டைத் தாண்டிட்டீங்க." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "என் பேர்லதானே அந்தப் பட்டியல் போச்சு. உனக்கு மட்டும்தான் பயமா?"

நான் அவர் கம்ப்யூட்டரில் நேற்றைய பட்டியலைத் திறந்தேன். நாலு வரி தெரிந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினேன். ஐந்தாவது வரி கீழேயிருந்து ஏறி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானே அந்த விசையை மேலும் கீழும் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

பிற்பகலில் அவனுக்கு நன்றாக நினைவு வந்தது. வந்ததும் கேட்டது கேட் பாஸைத்தான். சூப்பர்வைசர் கழற்றிக்கொண்டதை அறைத்தோழர் சொன்னார். அவன் டிரிப் ஏறும் கையை அசைக்காமல், மறு கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

"குடிச்சேன்னு ஊருக்குத் தெரிஞ்சா அம்மா செத்துருவாண்ணே. நான் பீர்கூட தொட்டதில்ல."

நான் டாக்டரம்மாவிடம் போய், அவன் குடிக்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். நடந்ததை முழுக்க எழுதினால் கார்டு விஷயம் வெளியே வரும். அறைத்தோழர் வேலை போகும். எழுதாவிட்டால் இவன் வேலை போகும். அறைத்தோழர் சுவரில் சாய்ந்து நின்று, "எழுதுங்கம்மா, என் பேரு வந்தாலும் வரட்டும்" என்றார். ஆனால் கார்டைச் சட்டைப் பைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா தன் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து எழுதினார். காய்ச்சலுக்காக வந்த இவருக்கு, எங்கள் தவறால், வேறொரு நோயாளியின் மருந்தும் சேர்த்துத் தரப்பட்டுவிட்டது, வியர்வை, தடுமாற்றம், நாக்குக் குழறல் எல்லாம் அந்த மருந்தின் விளைவு, மது அல்ல.

"கம்ப்யூட்டர் தவறுன்னு போடலாமே மேடம்" என்றேன்.

"கம்ப்யூட்டர் வந்து சாட்சி சொல்லுமா? அனுப்பினது நான். எழுதினது நீ. 'எங்கள்'னா அதுதான்."

மறுநாள் காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டரைப் பார்க்க நான்தான் போனேன். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையை ஒட்டிய அறை. மேஜை மேல் கேட் பாஸ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். "இங்கிலீஷ்ல கீது. நீயே படி."

ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். 'எங்கள் தவறால்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கள்னா யாரு? அந்தம்மாவா?"

"நானும்தாண்ணே."

"நீ இன்னா, டாக்டரா?"

"இல்ல. டாக்டரம்மா எழுதுற மருந்து மருந்துக்கடைக்குப் போறதுக்குக் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதினவன்."

"அவன் எந்தக் கார்டுல வந்தான்?"

இந்தக் கேள்விக்காகத்தான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தேன். "நோயாளி விவரத்த வெளிய சொல்லக் கூடாதுண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பசங்க எந்தக் கார்டுல போறானுங்கோன்னு எனக்குத் தெரியாதா? போன மாசம் உங்க ஆஸ்பத்திரியிலதான் என் கால் கட்டியக் கீறினாங்கோ. பெயின்ட் ஷாப்காரன் கார்டுல." கட்டிலிருந்து ஒரு பாஸை உருவி என்னிடம் போட்டார். "ப்ரெஸ்ல வேணாம். பேக்கிங்ல நிக்கட்டும். திங்கக்கிழம வரச்சொல்லு."

பாஸ் கையில் வந்தது. வேலை போகவில்லை, இரண்டு பேருக்கும். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று வெளியே வந்தவன் சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டேன். கால் கட்டி கீறியது இவருக்கு. அது பதிந்திருப்பது பெயின்ட் ஷாப்காரரின் விவரத்தில். அப்படியானால் பெயின்ட் ஷாப்காரருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசி இவருக்குப் போடப்பட்டிருக்கலாம். இவருக்கு இருக்கிற வியாதி அவர் பெயரில் ஏறியிருக்கலாம். நான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எழுத்துப் பிசகாமல் இங்கிருந்து அங்கே அனுப்பிய விவரமெல்லாம் ஒரு ஆளுடையது அல்ல. ஒரு அறையினுடையது. எத்தனை கார்டுக்குள் எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் தானாகச் சேர்க்கும் வரிகளை அழித்தேன். பிறகு டாக்டரம்மாவிடம் கான்ட்ராக்டர் சொன்னதைச் சொன்னேன். "கார்டு நம்பர் கேக்கிறதுக்கு முன்னாடி, எதிர்ல உக்காந்திருக்கிறவங்க வயசை நான் அடிக்கிற மாதிரி ஒரு இடம் வை" என்றார். "கார்டுல இருக்கிற வயசோட ஒத்துப்போகலன்னா பழசு எதையும் காட்ட வேண்டாம். என் கண்ணு முன்னாடி இருக்கிற ஆளை மட்டும் நான் பாத்துக்கிறேன்." அதைச் செய்தேன். ஆனால் ஒரே அறையில் ஒரே வயதுக்காரர்கள் நாலு பேர் இருந்தால்?

அன்று மாலை அவனை அனுப்பினார்கள். காய்ச்சல் இன்னும் கொஞ்சம் இருந்தது. அக்கா காய்ச்சல் மாத்திரையை வெட்டி ஒரே ஒரு கவரில் போட்டு, 1-0-1 என்று எழுதி, அதற்குக் கீழே மருந்தின் பெயரையும் தமிழில் எழுதினார். நான் கேட் பாஸைக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஜன்னலுக்கு அருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி என்னிடம் கேட்டான்.

"சார், இதுல எனக்குள்ளது மட்டும்தான இருக்கு?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். கவரை வாங்கி மேடையில் கவிழ்த்தேன். ஒவ்வொரு மாத்திரையாகத் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய அட்டையோடு வைத்துப் பார்த்தேன், டாக்டரம்மா எழுதியதோடு வைத்துப் பார்த்தேன், அக்காவையும் பார்க்கச் சொன்னேன். பிறகுதான் "ஆமா, உங்களுக்குள்ளது மட்டும்தான்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மாத்திரை போட்டுக்கொள்ள ஜன்னல் மேடையில் தண்ணீர் டம்ளர் இருந்தது, எடுக்கவில்லை. மொபெட்டில் அறைத்தோழருக்குப் பின்னால் ஏறிப் போனான். அந்த மாத்திரையை அவன் சாப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது.